என்ஜின் சத்தம்: முதலில் ‘எப்போது’ என்று கேளுங்கள்

கிள்ளானில் காலை ஆறரைக்குக் காரை எடுக்கும்போது பானெட்டுக்குள் ‘கட கட’வென்று ஏதோ அடிக்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலைத் தாண்டி, பிரிக்பீல்ட்ஸில் தெரிந்த வொர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்தால் சத்தத்தைக் காணோம். போமன் பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “ஒன்னும் இல்லையே அண்ணே, காடி நல்லாத்தானே ஓடுது” என்பார். மறுநாள் காலை மறுபடியும் அதே ‘கட கட’. கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படி அலைகிறவர்கள் நிறையப் பேர். சத்தம் மறைந்துபோனதே ஒரு தடயம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. குளிர்ந்த என்ஜினில் மட்டும் கேட்கும் சத்தத்துக்குக் காரணமான பாகங்கள் சில. நன்றாகச் சூடான பிறகு கேட்கும் சத்தத்துக்குக் காரணமானவை வேறு சில. இந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கும் ஒன்று, கவனிக்காவிட்டால் என்ஜினையே காலி செய்துவிடும்.

அதனால் வொர்க்‌ஷாப்புக்குக் கிளம்புமுன் கெட்டுப்போன பாகத்தின் பெயரை நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை. சத்தம் எந்த நேரத்தில், எந்த நிலையில் வருகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு நொடியிலா, முதல் ஐந்து நிமிடமா, ஒரு மணி நேர ஜாமுக்குப் பிறகா? ஆக்சலரேட்டரை மிதிக்கும்போது கூடுகிறதா, காலை எடுக்கும்போது கூடுகிறதா? ஏர்கோனை அணைத்தால் நிற்கிறதா? ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் வருகிறதா? கியர் ‘டி’யில் இருக்கும்போது மட்டுமா? இவற்றுக்கான விடைகளோடு, சத்தம் வரும் நேரத்திலேயே கைப்பேசியில் எடுத்த ஒரு பதிவும் கையில் இருந்தால், நல்ல போமனுக்கு பாதி வேலை முடிந்த மாதிரி. பதிவில் டேஷ்போர்டின் ஆர்.பி.எம். முள்ளும் தெரிந்தால் இன்னும் நல்லது.

சத்தம் என்ஜினில் இருந்துதான் வருகிறதா என்பதையும் வீட்டு வாசலிலேயே சோதித்துவிடலாம். வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, ‘என்’ அல்லது ‘பி’யில் வைத்து மெல்ல 2,000, 2,500 சுற்று வரை ஏற்றுங்கள். சத்தம் அங்கேயே கேட்டால் அது என்ஜின் அல்லது அதோடு பெல்டால் இணைந்த பாகம். நிற்கும்போது அமைதியாக இருந்து, மணிக்கு 60 கிலோமீட்டர் தாண்டியதும் ‘உர்ர்’ரென்று வந்து, வேகத்தோடு மட்டும் கூடிக் குறைந்தால் வீல் பேரிங் அல்லது டயர் பக்கம் போங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் டயர் இரைச்சலுக்காக என்ஜினைத் திறந்த கதைகள் உண்டு.

அடுத்து டிப்ஸ்டிக். வேறு எந்த ஆராய்ச்சிக்கும் முன்னால் இதுதான். சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். நம் வொர்க்‌ஷாப்புகளில் ‘மினியாக் ஹித்தாம்’ என்று சொல்லும் என்ஜின் ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். மைவி போன்ற சிறிய கார்களில் மொத்த ஆயிலே 3 லிட்டர் சொச்சம்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். வளைவில் திரும்பும்போதும் திடீரென பிரேக் பிடிக்கும்போதும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கும். அந்த நேரத்தில் தட்டும் சத்தம் முதலில் மேலே, வால்வுகள் இருக்கும் பக்கம் கேட்கும். பிறகு கீழே இறங்கும்.

டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரியவில்லையே என்று தைரியமாக இருந்துவிடாதீர்கள். பெரும்பாலான கார்களில் அது ஆயிலின் அளவைக் காட்டும் விளக்கு அல்ல. அழுத்தம் மிகவும் விழுந்த பிறகுதான் எரியும். அது எரிவதைப் பார்க்கும்போது பேரிங்குகள் ஏற்கெனவே ஆயில் இல்லாமல் உரசத் தொடங்கியிருக்கலாம்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். ஸ்டிக்கரில் எழுதிய கிலோமீட்டர் வரவில்லை என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறோம். கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே உள்ள முப்பது சொச்சம் கிலோமீட்டரைக் கடக்க, வேலை நாள் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. ஈப்போ வரை விரைவுச்சாலையில் போகிற வண்டி அதே ஒரு மணி நேரத்தில் நூறு கிலோமீட்டர் ஓடிவிடும். இரண்டு என்ஜின்களும் ஒரே அளவு நேரம் சுற்றியிருக்கின்றன. நம் வண்டியோ வெப்பத்தில், காற்றோட்டம் இல்லாமல், ஏர்கோன் சுமையோடு சுற்றியிருக்கிறது. ஓடோமீட்டர் இதையெல்லாம் காட்டாது. கார் கையேடுகள் நின்று நின்று ஓடும் பயணத்தைக் கடுமையான பயன்பாடு என்றே வகைப்படுத்தி, ஆயிலை முன்கூட்டியே மாற்றச் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை நாம் புரட்டுவதில்லை. ஜாமில் ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டரோடு மாதக் கணக்கையும் பார்த்து, எது முதலில் வருகிறதோ அப்போதே ஆயில் மாற்றுவதுதான் சரி.

ஆயில் குறைவதற்கு உரிமையாளரின் அலட்சியம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. 2016-இல் புரோட்டோன் நிறுவனம் எக்ஸோரா, பிரேவே, சுப்ரிமா எஸ் கார்களில் கேம்புரோ சி.எஃப்.இ. டர்போ என்ஜின் கொண்டவற்றை, ஆயில் கூலர் ஹோஸை மாற்றித்தருவதற்காகத் திரும்ப அழைத்தது. அந்த ரப்பர் குழாய் கசிந்தால் ஆயில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுபவருக்கு முதலில் தெரியவருவது தட்டும் சத்தமாகக்கூட இருக்கலாம். பழைய காரை வாங்குபவர்கள் அந்த ஹோஸ் மாற்றப்பட்டதா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

இனி குளிர்ந்த என்ஜினின் சத்தங்கள். சாவியைத் திருப்பியதும் ஒன்றிரண்டு நொடி ‘கர்ர்’ரென்று உலுக்கிவிட்டு நின்றுவிடுகிறதா? இரவில் கீழே இறங்கிவிட்ட ஆயில் மறுபடி மேலே ஏறும்வரை வருகிற சத்தம் அது. ஆயில் ஃபில்டருக்குள் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் சின்ன ரப்பர் வால்வு ஒன்று உண்டு. மலிவான ஃபில்டரில் அது சரியாக மூடாது. நல்ல ஃபில்டர் போட்டுப் பார்ப்பதுதான் மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய முதல் சோதனை. அதன் பிறகும் அதே உலுக்கல் வந்து, நாளாக நாளாக நீண்டுகொண்டே போனால் டைமிங் செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பார்க்கச் சொல்லுங்கள். 2005-இல் வந்த முதல் மைவியிலிருந்து பெரொடுவாவின் பல என்ஜின்களில் டைமிங்குக்குச் செயின்தான். ‘செயின் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று சொல்வார்கள். நேரத்துக்கு நேரம் ஆயில் மாற்றிய வண்டிக்குத்தான் அது பொருந்தும். அழுக்கு ஆயிலில் ஓடிய செயினின் இணைப்புகள் தேய்ந்து, செயின் நீண்டு, உறையில் உரசும்.

கேம்புரோ என்ஜின் கொண்ட சாகா, பெர்சோனா வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அவற்றில் டைமிங் பெல்ட். ரப்பர் பெல்ட் அறுந்துபோகும் முன் பெரும்பாலும் சத்தமே போடாது. கேம்புரோவில் அது ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். இங்கே காதை நம்ப முடியாது. கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுவது ஒன்றே வழி. மாற்றும்போது டென்ஷனர் பேரிங்கையும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றச் சொல்லும் போமனை, கூடுதல் பணம் பறிக்கிறார் என்று நினைக்காதீர்கள். அந்த இடத்தைத் திறக்கும் கூலிதான் பெரிது. பாதி தேய்ந்த பேரிங்கை உள்ளே விட்டு மூடினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டிவரும்.

ஸ்டார்ட் ஆனபின் சில நிமிடங்கள் ‘டிக் டிக் டிக்’ என்று தாளம் போட்டுவிட்டு, சூடானதும் அடங்கும் சத்தத்துக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: வால்வு இடைவெளி, எக்ஸாஸ்ட் கசிவு, சற்றுத் தளர்ந்த பிஸ்டன். பழைய வீரா ஓட்டியவர்களுக்கு வால்வுப் பக்கத்து டேப்பெட் சத்தம் புதிதல்ல. எக்ஸாஸ்ட் கசிவும் அச்சு அசலாக அதே மாதிரி ஒலிக்கும் என்பதால்தான் குழப்பம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் சின்னக் கசிவு இருந்தால் குளிரில் ‘டிக் டிக்’ என்று கேட்கும். இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைபட்டு நின்றுவிடும். மிதித்து ஓட்டும்போது சத்தம் கூடும். மேனிஃபோல்ட் இணைப்பில் கருப்புப் புகைக்கறை படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். இது தெரியாமல் டேப்பெட்டை மாற்றியும் அதே சத்தம் தொடர்வது வொர்க்‌ஷாப்புகளில் அடிக்கடி நடக்கிறது.

எண்ணிப் பார்க்கும் ஒரு வழியும் உண்டு. ஐட்லிங்கில் கிராங்க்‌ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 800 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேம்ஷாஃப்ட் அதில் பாதி, 400. தட்டுவது ஒரே ஒரு வால்வு அல்லது ஒரே சிலிண்டரின் எக்ஸாஸ்ட் கசிவு என்றால் நொடிக்கு ஆறேழு தட்டு. விரலால் தாளம் போட முடியும். கீழே கிராங்க் பக்கத்துச் சத்தம் பெரும்பாலும் நொடிக்குப் பதின்மூன்று. விரல் அதைப் பிடிக்காது. மெதுவான, லேசான ‘டிக்’ என்றால் ஒரு வாரம் பொறுத்து வொர்க்‌ஷாப்புக்குப் போகலாம். வேகமான, கனமான ‘டக்’ என்றால் பொறுக்கக் கூடாது.

அந்தக் கனமான சத்தத்துக்கு வருமுன், பெல்ட் பக்கத்தை முடித்துவிடுவோம். நம் ஊரில் காதைக் கிழிக்கும் சத்தங்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன. மழை பெய்த மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்’சென்று தெருவையே எழுப்பிவிட்டு, இரண்டு நிமிடத்தில் அடங்கும். ஏர்கோன் போட்டால், ஸ்டீயரிங்கை ஒடித்தால் மறுபடி கத்தும். பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. கொஞ்சம் தண்ணீரை பெல்டின் வரிப்பள்ளங்கள் உள்ள பக்கம் தெளித்துப் பார்ப்பார்கள். உடனே சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. கொஞ்ச நேரம் அடங்கி மறுபடி வந்தால் புல்லி ஒன்று நேர்கோட்டில் இல்லை அல்லது பெல்டின் முகம் பளபளத்துத் தேய்ந்துவிட்டது.

பெல்டுக்குப் பதில் அது சுற்றும் பாகங்களில் ஒன்றின் பேரிங் போயிருந்தால் சத்தம் ‘உய்ங்’கென்றோ ‘கொர கொர’வென்றோ இருக்கும், சூடானாலும் நிற்காது. ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்பு, ஐட்லர் புல்லி, ஏர்கோன் கம்ப்ரஸர் என்று நான்கைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். போமன் நீண்ட ஸ்குரூட்ரைவரின் நுனியை ஒவ்வொன்றின் உறையிலும் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். பழைய வித்தைதான், ஆனால் பயனுள்ள வித்தை. சந்தேகம் தீராவிட்டால் பெல்டைக் கழற்றிவிட்டு சில நொடிகள் மட்டும் என்ஜினை ஓட்டிப் பார்ப்பார். சத்தம் போய்விட்டால் குற்றவாளி வெளியே இருக்கிறது, என்ஜினைத் திறக்கத் தேவையே இல்லை. எந்த போமனாவது இந்தச் சோதனையைச் செய்யாமல் ‘ஓவர்ஹால் பண்ணணும்’ என்று ஆரம்பித்தால், இதைச் செய்துகாட்டும்படி தைரியமாகக் கேளுங்கள். வாட்டர் பம்பு சீக்கிரம் கெடுவதற்கு நம் பழக்கமே ஒரு காரணம்: ரேடியேட்டரில் கூலண்ட் ஊற்றாமல் வெறும் பைப்புத் தண்ணீரை ஊற்றுகிறோம், உள்ளே துருப்பிடிக்கிறது.

ஓடும் என்ஜின் பக்கம் நீங்களே குனிந்து பார்ப்பதானால் துப்பட்டா, சேலை முந்தானை, கழுத்துச் சங்கிலி, தொங்கும் தலைமுடி எதுவும் பெல்ட் அருகே போகக் கூடாது. ரேடியேட்டர் விசிறி என்ஜின் அணைந்த பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கலாம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

இப்போது ‘டக் டக்’. பிஸ்டனை கிராங்க்‌ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் மெல்லிய உலோக ஷெல் பேரிங் இருக்கிறது. அதற்கும் கிராங்குக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் இடைவெளி, அதை ஆயில் படலம் நிரப்பியிருக்கும். ஆயில் குறைந்தோ கெட்டோ அந்தப் படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தில் உரசி, ஷெல் தேய்ந்து, இடைவெளி கூடும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ராட் கிராங்கை அடிக்கும். குளிர்ந்த கெட்டி ஆயில் அந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்புவதால் காலையில் சத்தம் குறைவாக இருக்கும். ஜாமில் நின்று ஆயில் சூடாகி இளகியதும் அடி வெளியே கேட்கும். வண்டியை நிறுத்தி 2,000, 2,500 சுற்றுக்கு ஏற்றி, காலைச் சட்டென்று எடுக்கும் கணத்தில் மிகத் தெளிவாகக் கேட்கும். ஐட்லிங்கில் ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டர் இணைப்பையும் மாறி மாறிக் கழற்றிப் பார்த்தால், கெட்ட சிலிண்டரில் எரிப்பு நின்றதும் சத்தம் சட்டென்று மாறும். இதை போமன் செய்யட்டும்.

இந்தச் சத்தம் கேட்டால், எங்கே கேட்டதோ அங்கேயே பாதுகாப்பாக ஒதுங்கி என்ஜினை அணைக்க வேண்டும். ‘வீட்டுக்கு இன்னும் பத்து கிலோமீட்டர்தானே’ என்று நினைக்கும் அந்தப் பத்து கிலோமீட்டரில்தான் ராட் உடைந்து என்ஜின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. பேரிங் மாற்றினால் சரியாகியிருக்கக்கூடிய வேலை, என்ஜினையே மாற்றும் வேலையாகிவிடும். என்.கே.வி.இ. போன்ற பிளஸ் விரைவுச்சாலைகளில் பிளஸ் ரோந்து வண்டி பக்கத்திலுள்ள பாதுகாப்பான இடம்வரை இலவசமாக இழுத்துவிடும். உங்கள் காப்புறுதியிலும் பெரும்பாலும் இழுவைச் சேவை இருக்கும். நீங்கள் கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை லாரிக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

கெந்திங் மலை ஏறும்போது, ஆட்களை ஏற்றிக்கொண்டு அழுத்தி மிதித்தால் மட்டும் ‘கிணி கிணி’ என்று கேட்டு, காலை லேசாக்கியதும் நின்றுவிடும் சத்தம் வேறு. அதையும் ‘நாக்கிங்’ என்றே சொல்வதால் பலர் பயந்துவிடுகிறார்கள். பெட்ரோல் கலவை சிலிண்டருக்குள் ஒழுங்கில்லாமல் வெடிப்பதால் வருவது அது. சுமை இருக்கும்போது வரும். ராட் பேரிங் சுமை இல்லாமல் நிற்கும்போதே அடிக்கும். கையேட்டில் ரோன்95 போதும் என்றிருக்கும் வண்டியில் இந்த ‘கிணி கிணி’ வந்தால் ரோன்97க்கு மாறுவதற்கு முன், என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறதா, கார்பன் படிந்திருக்கிறதா, பிளக் சரியானதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் மூழ்கின. தண்ணீர் காற்றுக்குழாய் வழியாக சிலிண்டருக்குள் போன பிறகு ஸ்டார்ட் செய்தால், பிஸ்டன் அந்தத் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அழுந்தாது, ராட் வளையும். லேசாக வளைந்த ராடோடு வண்டி ஓடவும் செய்யும், தட்டிக்கொண்டே. நனைந்த பேரிங்குகளில் கிரீஸ் கெட்டு, மாதங்கள் கழித்து ஆல்டர்னேட்டரும் ஐட்லரும் கத்தத் தொடங்கும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகுதான் சாவி.

பழைய கார் வாங்கும்போது இந்தக் காது ரொம்பவும் உதவும். பார்க்கப் போகுமுன் ‘என்ஜினை ஓட்டி வைக்காதீர்கள்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் குளிர்ச் சத்தத்தை நீங்கள் கேட்க முடியாது, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். சத்தத்தை அமுக்க கெட்டியான ஆயிலையோ மருந்தையோ ஊற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் குளிரில் கேட்ட பிறகு அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கியும் கேளுங்கள். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையில் வண்டி தேறியது என்பதை வைத்து உள்ளே பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

ஒருவேளை ராட் பேரிங்தான் என்று போமன் சொல்லிவிட்டால் உடனே தலையாட்ட வேண்டாம். முதலில் ஆயிலை வெள்ளைத் துணியில் வடிக்கச் சொல்லி மினுமினுக்கும் உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு என்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைக் கழற்றி, ராட் மூடியைத் திறந்து ஷெல்லை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். சாம்பல் நிற மேற்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் சந்தேகமில்லை. கிராங்கில் கீறல் விழவில்லை, அளவும் சரியாக இருக்கிறது என்றால் ஷெல் மாற்றுவதோடு முடிந்துவிடலாம். கீறியிருந்தால் கிராங்கைக் கடைய வேண்டும், அல்லது ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்-கட் என்ஜின் போட வேண்டும். ஹாஃப்-கட் மலிவாகத் தோன்றினாலும் அதன் பழைய ஓட்டம் யாருக்கும் தெரியாது. உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். என்ஜின் எண் மாறுவதால் ஜே.பி.ஜே.யில் பதிவு செய்தாக வேண்டும் என்பதையும், அதை யார் செய்து கொடுப்பார்கள் என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.